கூட வந்தவர் கண்ணில் மருந்து

கண்புரை அறுவைக்குத் தனியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட ஒருவர் வேண்டும். கோப்பைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ள, கட்டுப் போட்ட பிறகு கையைப் பிடித்து வெளியே கூட்டிவர. தாம்பரத்தில் எங்கள் பகுதியில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளே அதிகம். பூங்காவில் காலையில் நடக்கிற எங்களில் ஒருவர் துணையில்லாமல் இரண்டு முறை திரும்பி வந்ததைக் கேட்ட பிறகுதான் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். யாருக்குத் துணை இல்லையோ அவரோடு எங்களில் ஒருவர் போவது என்று. மொத்தம் பதினோரு பேர். சங்கத்துக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, சந்தா கிடையாது. பதினோரு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால்கள் எட்டு தேறலாம்.

நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தவன். திருகாணி, வாஷர், பெல்ட் என்று எண்ணியே உத்தியோகம் முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா ஒரு நாள் என் மனைவியிடம் விசாரித்துவிட்டார். மருத்துவமனைகளுக்குத் துணையாகப் போக ஆரம்பித்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அங்கே டோக்கன் இருக்கிறது, வரிசை இருக்கிறது, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்ற கேள்வி இருக்கிறது. என் பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், பிஸ்கட், துண்டு, மாற்றுக் கண்ணாடி, மருந்துச் சீட்டின் நகல்கள் எல்லாம் இருக்கும். வீட்டில் இதை வீண் பதற்றம் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் முன்யோசனை என்பார்கள்.

எங்களில் ஒருவரைப் படப்பைக்காரர் என்றே அழைப்போம். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். வயல் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன, வாடகை வருகிறது. வீடு கட்டிக்கொண்டு தாம்பரம் வந்துவிட்டார். மகன் அதே வீட்டின் மாடியில் இருக்கிறான். இருவருக்கும் பேச்சு கிடையாது. இளம் வயதில் கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்தி, அதற்குப் பச்சிலைச் சாறு ஊற்றி, வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை. துணைக்குப் போகும் முறையில் அவர் பெயர் வராது. அதனால் பூங்காவில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

அறுவை செய்துகொள்ளாவிட்டால் இன்னும் சில மாதத்தில் அந்தக் கண்ணும் பயன்படாது என்று சொல்லிவிட்டார்கள். செய்துகொள்ளவோ அவருக்குப் பயம்.

“உனக்கு ரெண்டு கீது சார், ஒண்ணு போனா ஒண்ணு. எனக்கு இதுவும் போச்சின்னா?”

அப்படியும் இரண்டு முறை கூட்டிப்போனோம். இரண்டு முறையும் நடுவில் நழுவி வந்துவிட்டார். மூன்றாவது முறைக்கு என்னை அனுப்பினார்கள். “நீங்க கூட இருந்தா அவரை எண்ணிக்கிட்டே இருப்பீங்க” என்று கிண்டல் வேறு.

வேளச்சேரி போகிற சாலையில் ஒரு மருத்துவமனை. வரவேற்பில் இருந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க ரெண்டு பேர்ல பேஷன்ட் யாரு சார்?”

“இவர்.”

“அட்டெண்டர் இன்னும் வரலையா?”

“நான்தாம்மா அட்டெண்டர்.”

“கொஞ்சம் வயசு கம்மியா யாரும் இல்லையா?”

“வயசு கம்மியா கீறவன்லாம் வேலைக்குப் பூட்டான் கண்ணு” என்றார் படப்பைக்காரர். “நாங்கதான் சும்மா கீறோம்.”

அவள் சிரித்துக்கொண்டே டோக்கன் கொடுத்தாள். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருடைய கால் ஆட ஆரம்பித்தது. ஒன்பது ஆறானது. ஆறு நான்கானது. “பாத்ரூம் போயிட்டு வரேன் சார்” என்று எழுந்தார். கழிப்பறை இடப்பக்கம். அவர் வலப்பக்கம் போனார். சரியாகத் தெரியாததால் போகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் வாசல் கேட் அருகே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாம்பரம் பஸ் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸின் எண் அவர் கண்ணுக்குத் தெரியாதே.

ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால், அதற்குள் கூப்பிட்டுவிட்டால் முறை போய்விடும். முறை போனால் வேறொரு தேதி, வேறொரு தேதிக்கு அவர் வரமாட்டார். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அப்போது நர்ஸ் எங்கள் எண்ணைக் கூப்பிட்டாள். விட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் கோப்போடு கையைத் தூக்கினேன்.

“எந்தக் கண்ணு?”

கோப்பைப் பார்த்து, “இடது” என்றேன்.

“மேல பாருங்க.”

மேலே பார்த்தேன். இரண்டு சொட்டு விழுந்தது. எரிந்தது.

“எனக்கில்லம்மா!”

“பயப்படாதீங்க தாத்தா, எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க” என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அவள் பின்னால் போய் விளக்கியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் கேட்தான் முக்கியமாகப் பட்டது. போய்ச் சேர்வதற்குள் மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வெயில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைச் சுவராக நின்றது. படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் போய்விட்டது என்றே நினைத்தேன். நான் எதையும் கொஞ்சமாக நினைப்பவன் இல்லை.

“யாரு, சாரா? இன்னா சார் ஆச்சு?”

“உங்க மருந்தை என் கண்ணுல ஊத்திட்டாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இளநீர் விற்றவர் திரும்பிப் பார்த்தார்.

“சார், உன்னுது ரெண்டு, என்னுது ரெண்டு. நாலு கண்ணுல ஒயுங்கா கீறது ஒண்ணுதான்!”

“சிரிக்காதீங்கண்ணா. அந்தப் பொண்ணு திரும்பி வந்தா என்னை உள்ளயே கூட்டிட்டுப் போயிடும்.”

“அது வேற கீதா? ஐயையோ, நட, நட” என்று என் முழங்கையைப் பிடித்தார். தாம்பரம் பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. நடத்துனர் ஊர்களைக் கூவிக்கொண்டே போனார். இவர் திரும்பவே இல்லை. “படி கீது, பாத்து. இன்னொண்ணு. தல குனி, போர்டு தொங்குது” என்று, பாதிதான் தெரிகிற கண்ணோடு, என்னை உள்ளே கூட்டிப்போனார். நாற்காலியில் உட்காரவைத்து, என் பையிலிருந்தே தண்ணீரை எடுத்து எனக்குக் கொடுத்தார். பிறகு நர்ஸைத் தேடிப் பிடித்து இழுத்துவந்தார்.

“யம்மா, இவுரு நல்ல மனுசன். வுட்டுடு. நான்தான் அந்த ஆளு. எனக்கு ஊத்து.”

நர்ஸ் பயந்துபோய் மருத்துவரை அழைத்துவந்தாள். அவர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, கண்மணியை விரிக்கிற மருந்துதான், சாயந்திரத்துக்குள் சரியாகிவிடும் என்றார். நான் அதை மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அதற்குள் படப்பைக்காரருக்கு முதல் சொட்டு விழுந்திருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. “தல சுத்துதா சார்? பிஸ்கட் துன்னு” என்று என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய கால் ஆடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போகும்போதும், “எங்கயும் எழுந்து போவாத சார், வுயுந்துடுவே” என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கதவு மூடியது. அதற்குப் பிறகு நான் பட்டதை எழுத விருப்பமில்லை.

கட்டோடு வெளியே வந்தவருக்கு எதுவும் தெரியாது. எனக்குப் பாதி தெரிந்தது. பூங்கா நண்பர் ஒருவர் கார் கொண்டுவந்தார். அன்று படப்பைக்காரர் என் வீட்டில் தங்கினார். என் மனைவி ரசம் சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டி வைத்தார்.

மறுநாள் காலை அதே நர்ஸ் கட்டைப் பிரித்தாள். பஞ்சால் துடைத்தாள். அவர் இமையைத் திறக்காமலே இருந்தார்.

“தொறங்க தாத்தா.”

“இரு கண்ணு.”

திறந்தார். அவள் கையை நீட்டினாள். “எத்தனை விரல்?”

அவர் கண்ணை இடுக்கி அவள் கையையே பார்த்தார்.

“மூணு” என்றார். “நடு வெரல்ல நகச்சாயம் உரிஞ்சிகீது. வேற போட்டுக்க.”

அவள் கையை மடக்கிக்கொண்டு சிரித்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தை, விசிறியை, என்னை, பிறகு வரிசையை. பார்வை ஓரிடத்தில் நின்றது.

“சார், அந்த ஓரத்துல நீல சட்டை. கைல ஃபைல வெச்சிகினு கீறாரு. பக்கத்துல ஆளக் காணோம்.”

“கூட வந்தவர் டீ குடிக்கப் போயிருப்பாரு. வாங்க, நமக்கு ஆட்டோ காத்திருக்கு. நீங்க ரெஸ்ட் எடுக்கணும்.”

“வூட்ல போயி இன்னா பண்ணப்போறேன்?”

எழுந்து, யார் கையையும் பிடிக்காமலே நடந்து போனார். நீலச் சட்டைக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னா பெரியவரே, தனியாவா வந்தே? எந்தக் கண்ணு? பயமா கீதா?”

நீலச் சட்டைக்காரர் தலையாட்டினார். நான் ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு வந்தேன்.