டாக்டரிடம் நான் மறைத்த ஊர்

ஆண்டவரை நம்புகிற எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சபையில் நின்று பேச வராது. ஐந்தாவது வரை படித்தவன். "வாயால வரலன்னா எழுதிக் குடுப்பா" என்றார் போதகர் ஐயா. எழுதுகிறேன்.

என் தொழில் கிணறு வெட்டுவது. சின்னசேலம் பக்கம் எங்கள் ஊர். போன சித்திரை முடிவில் சபையிலிருந்து நாலு பேர் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குக் கிணறு வெட்டப் போனோம். அங்கே ஒரு கிராமத்தில் மாடு குடிக்கிற குட்டையில்தான் ஜனங்களும் குடித்தார்கள். கூலி கிடையாது. ஊழியம். அப்போது என் மனைவி எஸ்தருக்கு மூன்று மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. "போய்ட்டு வா" என்றுதான் அனுப்பினாள்.

ஆடி மாதம் போன் வந்தது. பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. எஸ்தர் அழவில்லை. "எப்ப வர?" என்று மட்டும் கேட்டாள்.

கிணறு அப்போது இருபத்தைந்து அடியில் இருந்தது. மேல்பக்கம் மணல். சுற்றிச் செங்கல் கட்டாமல் விட்டால் சரியும். விளையாடுகிற பிள்ளைகள் விழுவார்கள். கிணற்று வேலைக்காரன் திறந்த குழியை அப்படியே விட்டு ஏறி வர மாட்டான். கூட வந்த மூன்று பேருக்கும் அந்த வேலை தெரியாது.

"கெணறு பாதியில நிக்கிது. கட்டிட்டு வரேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். அப்புறம் அவள் என் போனை எடுக்கவே இல்லை.

கிணற்றைக் கட்டி முடித்தேன். தண்ணீர் வந்தது. அந்த ஊர்ப் பெண்கள் பாட்டுப் பாடினார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை.

புரட்டாசி கடைசியில் திரும்பினேன். எஸ்தரின் தம்பி தேவா ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவந்தான். என் பையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மாமா, இவ்ளோ லேசா கீது? ஒரு சென்ட் பாட்டிலு கூட எடுத்தாரல?"

"இல்லடா."

"கோடாலித் தைலமாச்சும்?"

"அங்க கடையே இல்லடா."

"அப்ப வூட்டுக்கு இன்னா மொகத்த வெச்சிக்கினு வர?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் எஸ்தர் சோறு போடுவாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். சொல்ல வேண்டியதைத் தேவாவிடம் சொல்லுவாள். மலாவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போவாள். அதனால் அந்தப் பெயரை நானும் சொல்வதில்லை. காலையும் மாலையும் ஒன்றுதான் ஜெபித்தேன். ஆண்டவரே, இவள் என்னைத் திட்டவாவது வாய் திறக்கட்டும்.

நடுவில் இரண்டு நாள் கல்வராயன் மலையில் ஒரு கிணறு தூர் வாரப் போனேன். வந்து கொஞ்ச நாளில் குளிர்ஜுரம். போர்வை போர்த்தினாலும் பல் தந்தி அடித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். விடும், திரும்ப வரும். ஐந்தாம் நாள் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. தேவாவும் எஸ்தரும் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே கொஞ்சம் தெளிந்தது.

டாக்டரம்மா குனிந்து கேட்டார். "சமீபத்துல வெளியூர் எங்கயாவது போனீங்களா?"

எஸ்தர் தலைமாட்டில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மலைக்குப் போனம்மா. கல்வராயன் மலை. வேற எங்கயும் போவல" என்றேன்.

உயிர் போகிற நேரத்திலும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்குப் பயம். மலையில் பூச்சி கடித்து வந்த ஜுரம் என்று டாக்டரம்மா எழுதப் போனார்.

"பொய் சொல்றாரு மேடம்."

எஸ்தர் குரல். கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து என் காது கேட்க அவள் என்னைப் பற்றிப் பேசினாள்.

"ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு நாடு. அஞ்சு மாசம் அங்க கெணறு வெட்டினு இருந்தாரு. வந்து இருவத்தஞ்சி நாளு ஆவுது."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியா, ஆப்பிரிக்காவில் அதிகமாக இருக்கிற, மூளைக்கு ஏறுகிற ரகம். அன்று மருந்து ஏறாமல் இருந்தால் நான் இல்லை என்றார்.

டாக்டரம்மா போனதும் எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"கெணறு பாதியில நிக்கிதுன்ன. நான் எப்பிடி நிக்கிறன்னு கேட்டியா நீ?"

"கேக்கல."

"ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல எஸ்தரு."

வார்டே பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. அவ்வளவையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். நான் ஜெபித்தது அதைத்தான். கிடைத்தது. நெஞ்சில் சம்மட்டி அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஸ்தோத்திரம் என்றுதான் உள்ளுக்குள் சொன்னேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறு அவளே, "வா" என்று கூப்பிட்டாள். மக்காச்சோளக் கொல்லை ஓரம், கருவேல மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஒரு கல் இருந்தது. "இங்கதான்" என்றாள். பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவளும் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன்.

அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லு என நானும் கேட்கவில்லை. இப்போது வெளியூர் வேலை வந்தால் முதலில் அவளைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் பேசாமல் ஒருத்தர் இருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள், அவர்களை வாய் திறக்கச் செய்வார். ஆனால் அவர்கள் என்ன சொன்னாலும் எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.