ஒரு வாய்க்காலுக்காகப் பள்ளி பள்ளியாகப் போனவர்

சென்ற வியாழக்கிழமை காலை மன்னார்குடியில் மாவு மில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. சிங்கப்பூர் எண்.

"ஆன்ட்டி, சாமுவேல் பேசுறேன். அம்மா போயிட்டாங்க. பக்கத்து வீட்டுல இருந்து இப்பத்தான் சொன்னாங்க. நான் வந்து சேர நாளைக்கு மதியம் ஆயிடும். நீங்க கொஞ்சம் முன்னாடியே போயி அம்மாகூட இருக்க முடியுமா?"

அரைக்கக் கொண்டுபோனதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் பேருந்து ஏறினேன். நல்ல மழை. வழி நெடுக சம்பா நடவு முடிந்த வயல்கள். அந்தப் பாதையில் அவரோடு எத்தனை சனிக்கிழமைகள் போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

சாமுவேலின் அம்மா ரூத் ஞானமணி அவர்கள் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் வரைவாளராகப் பணியாற்றியவர். வெளியே அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வாய்க்கால், மதகு, கரை என்று அவர் வரைந்த படங்களின் கீழ்மூலையில் 'ரூத்' என்று எறும்பளவு எழுத்தில் இருக்கும். அந்த மூலையை யாரும் படிப்பதில்லை.

நான் வரலாற்று ஆசிரியை. தொண்ணூறுகளின் நடுவில் வாய்க்கால்களுக்குச் சிமெண்டுக் கரை கட்டும் பெரிய திட்டம் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. அதன் ஓரமாக, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றின் வரலாற்றைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்றும் அரசுச் செலவில் வெளியிட முடிவாயிற்று. எழுத நான்கு ஆசிரியர்களைப் போட்டார்கள். நான் ஒருத்தி. வரைபடம் போட அவரை அனுப்பிவைத்தார்கள். சனிக்கிழமைதோறும் தஞ்சாவூரில் கூடுவோம்.

முதல் நாளே என் பாடத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், உங்க பாடத்துல ஆறு கல்லணையில பிரியுது, தஞ்சாவூர் வருது, கும்பகோணம் வருது, அப்புறம் ஆளையே காணோம். எங்க ஊர்ப் பிள்ளைங்க இதைப் படிச்சா என்ன நினைக்கும்?"

"படம் போட ஒரு பக்கம்தான் குடுத்திருக்காங்க மேடம். இடம் பத்தல."

"பக்கத்தைப் படுக்கப் போட்டா இடம் இருக்கு. புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பிப் புடிச்சுப் படிக்கட்டுமே. கடல் வரைக்கும் போடணும்."

அப்படியே போட்டார். கடைமடை ஊர்கள் ஒவ்வொன்றும் அதில் இருந்தன. அவர் தரங்கம்பாடிக்காரர், லுத்தரன் சபைக் குடும்பம். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் பிறந்தவருக்குத்தான் அந்தக் கோபம் வரும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு வேளைகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. நான் சைவம். அவர் டப்பாவில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும். "வாசம் வந்தா சொல்லுங்க டீச்சர், காத்து பாத்து உக்காந்துக்கிறேன்" என்று சொல்லி, மின்விசிறிக்கு அந்தப் பக்கமாக நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொள்வார். கிறிஸ்துமஸ் முடிந்தால் எனக்கென்று தனி எண்ணெயில் சுட்ட அச்சு முறுக்கு ஒரு தூக்கு நிறைய வரும். அவர் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாமுவேல் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்.

புத்தகம் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போனது. எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கோடையில் நானும் அவரும் அலுவலகத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா உள்ளே வந்தார். கையில் எங்கள் புத்தகம். பெயர் அஞ்சலை. கடைமடை கிராமம். பண்ணையில் வேலை செய்த குடும்பம். பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிப் பயிர் செய்கிறார்கள். முதியோர் கல்வி வகுப்பில் படிக்கக் கற்றுக்கொண்டவர். மகளின் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்.

"இந்தப் படம் யாரும்மா போட்டது?"

"நான்தாம்மா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எங்க பிச்சன் வாய்க்காலுக்குப் புள்ளி புள்ளியா வச்சிருக்கீங்க. கீழ எழுதியிருக்கு, புள்ளி வச்சது பயன்பாட்டுல இல்லாத வாய்க்கால்னு. யாரு சொன்னா? அதுல பாயிற தண்ணியிலதான் நாங்க சோறு திங்கிறோம். இப்பப் பெரிய வாய்க்காலுக்குச் சிமெண்டு போடுறாங்க. எங்களுக்கு மதகு வைக்காம செவுத்தை இழுத்துக்கிட்டே போறாங்க. கேட்டா, இது செத்த வாய்க்கால், ப்ளான்லயே இருக்குங்கிறாங்க."

ரூத் மேடம் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். புத்தகத்துக்கும் கரை கட்டும் வேலைக்கும் மூலப்படம் ஒன்றேதான். அதில் அந்தப் புள்ளிக் கோடு. மூலையில் அவர் கையெழுத்து.

மறுநாள் அஞ்சலை அம்மாவோடு அந்த வாய்க்காலை நடந்து பார்க்கக் கிளம்பினார். நானும் போனேன். வெயிலில் தலைப்பிலிருந்து வால்வரை நடந்தோம். கோடை ஆனதால் தண்ணீர் இல்லை. ஆனால் கரை வெட்டிச் சீராக இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்த தாள் நின்ற வயல்கள். செத்த வாய்க்காலுக்கு யார் கரை வெட்டுவார்கள்?

திரும்பும்போது பேருந்தில் என்னிடம் மெல்லச் சொன்னார். "எனக்குச் சந்தேகம் வந்துச்சு டீச்சர். ஊருக்குப் போறப்போ பஸ்சுல இருந்து அதுல தண்ணி ஓடுறதைப் பாத்திருக்கேன். ஆனா மேல இருந்து வந்த வாய்க்கால் பட்டியல்ல பயன்பாட்டுல இல்லைன்னு எழுதியிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள படம் போகணும்னாங்க. கேக்காம விட்டேன். கடல் வரைக்கும் போடணும்னு சண்டை போட்டவ நான்தானே."

அவர் ஒரு கடிதம் எழுதினார். சந்தேகம் இருந்தும் விசாரிக்காமல் வரைந்தது தன் தவறு, உடனே மதகு வைக்க வேண்டும் என்று. மேலதிகாரி நல்லவர்தான். "பட்டியல் குடுத்தவங்க யாரோ, நீங்க ஏம்மா தலையில தூக்கி வச்சுக்கிறீங்க? அச்சுப்பிழைன்னு எழுதுங்க, முடிஞ்சுது" என்றார்.

"அச்சுல பிழை இல்லை சார். என் கையில இருந்துச்சு."

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பதவி உயர்வு வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அவரிடம் வேலை கற்றவர் ஒருவர் அவருக்கே மேலாளராக வந்து உட்கார்ந்தார். அதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மதகு வந்தது. ஆனால் காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்து உத்தரவு ஆவதற்குள் ஒரு சம்பா போய்விட்டது. அந்த வருடம் பிச்சன் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஊரிலிருந்து பல பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறினார்கள். அஞ்சலையின் கணவரும் போனார். அடுத்த வருடம் தண்ணீர் வந்தும் அவர் திரும்பவில்லை. அங்கேயே ஒரு வாடகை அறை எடுத்துத் தங்கிவிட்டார். அஞ்சலை தனியாகப் பயிர் செய்தார்.

ரூத் மேடம் அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது நான் உடனிருந்தேன். அஞ்சலை அம்மா நாற்றுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க மேல கோவம் இருக்குதும்மா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நடந்து பாக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பாதையில் போன சனிக்கிழமைகள். புத்தகத்தை மறுபடி அச்சிட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரூத் மேடம் கறுப்பு மைப்பேனாவும் ஒரு சிறிய அடிக்கோலும் எடுத்துக்கொண்டு, அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். துணைக்கு நான். ஒரு தலைமையாசிரியர் மறித்தார்.

"அரசாங்கப் புத்தகத்துல பேனாவால எழுதக் கூடாதும்மா."

"நான் போட்ட கோடு சார். நானேதான் திருத்தணும்."

அவர் சற்று யோசித்துவிட்டுத் தன் நாற்காலியையே வகுப்புக்குத் தூக்கிவரச் சொன்னார். பிள்ளைகள் வரிசையில் வந்து புத்தகத்தைப் படுக்கப் போட்டு நீட்டுவார்கள். அவர் புள்ளிகளைச் சேர்த்து முழுக் கோடாக இழுத்து, மேலே 'பிச்சன் வாய்க்கால்' என்று அதே எறும்பெழுத்தில் எழுதி, மை காய ஊதிக் கொடுப்பார். ஒரு புத்தகத்திலும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு சிறுமி கேட்டாள், "பிச்சன்னா யாரு டீச்சர்?"

வரலாற்று ஆசிரியை நான் முழித்தேன். ரூத் மேடம்தான் சொன்னார்: "தெரியலம்மா. ஊர்ல கேட்டுப் பாத்துட்டோம், யாருக்கும் ஞாபகம் இல்ல. வெட்டினவரா இருக்கலாம், காவல் காத்தவரா இருக்கலாம். ஆனா அப்படி ஒருத்தர் இருந்திருக்காரு." அந்தப் பதிலைவிட நேர்மையான வரலாற்றுப் பாடத்தை நான் நடத்தியதில்லை.

பிறகு காலம் வேகமாக ஓடியது. அலுவலகத்தில் கணிப்பொறி வந்தது, வரைபலகைகள் மொட்டை மாடி அறைக்குப் போயின. அவர் சாயங்கால வகுப்பில் சேர்ந்து அதையும் கற்றுக்கொண்டார். சாமுவேல் பொறியியல் முடித்துப் பெங்களூர், அங்கிருந்து சிங்கப்பூர் என்று போனான். ஓய்வு பெற்றதும் அவரையும் அழைத்துக்கொண்டான். எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். "பையன் ராணி மாதிரிதான் வச்சிருந்தான் டீச்சர். பேச ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்று சிரித்தார். அதன்பின் ஞாயிறு மாலைதோறும் என்னை அழைப்பார். அணை திறந்தார்களா, தண்ணீர் எதுவரை வந்தது என்பதில்தான் பேச்சு தொடங்கும். இறப்பதற்கு முந்தைய ஞாயிறும் பேசினோம். முழங்கால் வலி என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அடக்கம். சாமுவேல் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து சேர்ந்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது குழி வெட்டியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அஞ்சடியிலயே ஊத்து வந்துடுச்சு தம்பி. மழைக்காலம். இறைக்க இறைக்க ஊறுது."

சாமுவேல் எட்டிப் பார்த்துவிட்டு அழுதான். "அம்மாவைத் தண்ணியிலயா ஆன்ட்டி வைக்கிறது?"

போதகர் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டு மீனவப் பெண் தன் கூடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். படகுக் கொட்டகைக்குள் நனையாமல் கிடந்த மணலை அள்ளிக்கொண்டு வந்து குழியில் கொட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் போனார்கள். சாமுவேலும் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்களோடு ஓடினான். சட்டை முழுக்க மணலாகக் கூடை கூடையாகச் சுமந்தான். தண்ணீர் மறைந்து வெள்ளை மணல் மேலே வந்த பிறகுதான் பெட்டியை இறக்கினார்கள்.

என் முறை வந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளே போட்டேன். தோன்றியதைச் சொன்னேன்.

"காஞ்ச மணல்தான் மேடம் போட்டிருக்காங்க. நிம்மதியாப் படுங்க."