சிவம் அண்ணன் எடுக்காத அழைப்புகள்

எங்கள் மாடிக் கட்டடத்தில் சிவபாதசுந்தரத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அந்த மனிதர் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்கவே மாட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவன் கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவான். மேலே அவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கும். அவர் அதைத் தோசை பிரட்டுவது மாதிரிக் குப்புறப் போட்டுவிட்டுப் பத்திரிகை படிப்பார். கடைசியில் நான்தான் யன்னலால் எட்டிப் பார்த்து, "மல்லி, உடட்ட எண்ட" என்று, தம்பி மேலே வா என்று, சிங்களத்தில் கூப்பிட வேண்டும். எனக்கென்ன வேறு வேலை இல்லையா?

நான் யூஜினா. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை, கலியாணம் கட்டி வந்தது வெள்ளவத்தை. சிவம் அண்ணனுடைய வீட்டுக்கு எதிர் வீடு. கேக் அடித்து விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

சிவம் அண்ணன் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதிலேயே கொழும்புக்கு வந்தவர். அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டார். காலையில் கடற்கரை ரோட்டில் நடப்பார், மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார், கதவுக்கு மூன்று பூட்டும் போட்டுவிட்டு உள்ளே இருப்பார். மனைவி அன்னபாக்கியம் அக்காவும், ஒரே மகள் ஹம்சிகாவும்தான் அவருடைய உலகம்.

போன் எடுக்காததற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சண்டையின் கடைசி வருடங்களில் அவருடைய தம்பி குணரட்ணத்தை இந்த ரோட்டிலேயே வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எத்தனை வீட்டில் அது நடந்தது! பிறகு தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வந்தன. கேட்டதைக் கொடுத்தும் ஆள் உயிரோடு வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு லைனைக் கழற்றிவிட்டார். கப்பம் கேட்டவர்களைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை என்றுதான் நான் நினைத்தேன். "இப்ப யாரு அண்ணன் உங்களைக் கடத்தப் போறான், பென்ஷன்காரனை?" என்று பகிடியும் பண்ணியிருக்கிறேன். அவர் சிரிப்பார், ஆனால் எடுக்க மாட்டார்.

பகிடி பண்ணினேனே தவிர, எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஈஸ்டர் அன்று கோயில்களில் குண்டு வெடித்த வருடத்திலிருந்து நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பக்கவாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். அதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ஹம்சிகா கம்பியூட்டர் படித்தவள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பனியில் வேலை. சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் அவளைத் தனியாக சென்ட் ஹெலினா என்ற தீவுக்கு, அங்குள்ள ஆஸ்பத்திரி வேலையாக, அனுப்பினார்கள். ஆபிரிக்காவுக்கு அங்கால், நடு அத்திலாந்திக் கடலில், பிரித்தானியாவுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம். ஜொகனஸ்பேர்க்கிலிருந்து கிழமைக்கு ஒரு விமானம். அதுவும் காற்று விட்டால்தான் இறங்கும். அண்ணன் உலகப் படத்தை விரித்து வைத்து அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி தீவை முழுதாக மறைத்துவிட்டது.

போன் எப்படி வேலை செய்யும் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அவளுடைய இலங்கை சிம்முக்கு ரோமிங் கொடுக்கும் நாடுகளில் அந்தத் தீவு இல்லை. அது பிரித்தானியாவின் இடம்தானே என்று அவள் லண்டனுக்குப் போகிறவர்கள் வாங்கும் ஈ-சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கடைக்காரனும் தலையை ஆட்டினான். இறங்கின பிறகுதான் தெரிந்தது, கொடி பிரித்தானியாவுடையது, சிக்னல் வேறு யாருடையதோ. அந்த ஈ-சிம் அங்கே செத்துப்போய்க் கிடந்தது. தங்குமிடத்து வைஃபையில் "வந்து சேந்திட்டன் அப்பா, பயப்பிடாதேங்கோ" என்று எழுதி, நீலக் கடலின் படம் ஒன்றும் அனுப்பினாள். அண்ணன் அதை என்னிடமும் காட்டினார். அன்றைக்கு ஒரு பிளேன்டீயும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த நாள் காலையில் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணன் அனுப்பிய "சாப்பிட்டியே பிள்ளை" என்ற செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் நிறச் சரி அடையாளம். இரண்டாவது சரி விழவே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வருடப் பிறப்பு லீவு, அவளுடைய கம்பனி பூட்டு. காவலாளிதான் போன் எடுத்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலி வீதியே வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து வீடுகளில் சிங்களச் சனம் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அண்ணன் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பி, மறுபடி இருந்தார்.

வருடப் பிறப்பு அன்றைக்கு அந்த வீட்டில் பொங்கவில்லை. நான் கொக்கிஸ் பலகாரமும் கேக்கும் கொண்டுபோனேன், தட்டு அப்படியே மேசையில் இருந்தது. அன்னபாக்கியம் அக்கா சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை. அண்ணன் போனைக் கையில் வைத்தபடி யன்னலோரம் நின்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. எனக்கு அந்த வீட்டில் நிற்கவே பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் அக்கா தன்னுடைய போனோடு என் கதவைத் தட்டினாள். "யூஜினா, இதில ஏதும் பழுதோ பாரும். ஒரு கோலும் வருகுதில்லை. பிள்ளை கோல் எடுத்து எடுத்துப் பாத்திருப்பாள்" என்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் வாங்கிப் பார்த்தேன். சிக்னல் இருந்தது, டேட்டா இருந்தது, எல்லாம் ஒழுங்கு. சும்மா ஒரு யோசனையில், தடுத்து வைத்த எண்களின் பக்கத்தைத் திறந்தேன். நான்கு எண்கள் கிடந்தன, எல்லாம் இந்தக் கிழமையில் தடுத்தவை. நான்கும் இருநூற்றுத் தொண்ணூறில் தொடங்கின. அக்காவுக்கு எண்ணைத் தடுக்கத் தெரியாது. போனைத் திறக்கத் தெரிந்ததே பெரிய காரியம்.

அது எந்த நாட்டின் இலக்கம் என்று என்னுடைய போனில் தேடிப் பார்த்தேன். சென்ட் ஹெலினா என்று வந்தது. அடுத்த நிமிடம் கோபம் தலைக்கேறியது. விசர் மனுசன், தன் பயத்துக்குப் பெற்ற பிள்ளையையே வெளியே நிறுத்திப் பூட்டியிருக்கிறாரே! அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

அவர் யன்னலோரம்தான் நின்றார். அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். அதே நான்கு எண்கள் அதிலும். "அண்ணன், ஆர் எவர் எண்டு பார்க்காம எல்லாத்தையும் வெட்டி விட்டிருக்கிறீங்களே, இது அந்தத் தீவு நம்பர். தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுகொண்டோ வெட்டினனீங்கள்? என்ர பிள்ளை எடுக்கிறாள் எண்டு தெரிஞ்சுகொண்டோ?" என்று கேட்டாள். அந்த மனிசி புருசனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னார். தம்பியைக் கொண்டுபோன பிறகு வந்த அழைப்புகள் எல்லாவற்றையும் அவர்தான் எடுத்தாராம். கப்பம் கேட்டவர்களுக்கு அவர் பயப்படவில்லையாம். அவர்கள் கோல் எடுக்கிறவரைக்கும் தம்பி இருக்கிறான் என்று அர்த்தம். பிறகு ஒருநாள் புது எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆண் குரல், நல்ல மரியாதையாக, பிணவறைக்கு வந்து ஆளை அடையாளம் காட்டச் சொன்னது.

"நான் அதை எடுக்கிறவரைக்கும் அவன் உயிரோட இருந்தவன்" என்றார். "பிள்ளையின்ர நம்பரில இருந்து எண்டா நான் உடன எடுத்திருப்பன். அவளின்ர போன் நிண்டு போச்சு. பிறகு ஊர் பேர் தெரியாத நம்பர் வருகுது, அந்தத் தீவில இருந்து. பிள்ளையின்ர அப்பாவுக்கு அங்க இருந்து வேற ஆர் கோல் எடுப்பினம், யூஜினா? எதுக்கு எடுப்பினம்?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனிதர் மகளை வெளியே பூட்டவில்லை. செய்தியைத்தான் பூட்டி வைத்திருக்கிறார். அந்த நாட்கள் முழுக்க, தன்னுடைய போனிலும் மனைவியின் போனிலும், மகளை உயிரோடு வைத்திருக்கிறார்.

இப்போது எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவர் சொல்வதில் ஒரு பிழையும் இல்லையே. ஒரு எண் என்றால் பரவாயில்லை, நான்கு எண். பொலிஸாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம். என் கையிலிருந்த போனைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. அந்தோனியாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்காதான் கை நீட்டினாள். "அதைத் திறந்து விடும்" என்றாள். நான் அவளுடைய போனில் தடையை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் பாய்ந்து வந்து போனின்மேல் கையை வைத்தார். "வேண்டாம் பாக்கியம், இண்டைக்கு வேண்டாம். நாளைக்குப் பாப்பம்" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கெஞ்சினார். அக்கா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். வட்சப்பில் கடைசி எண்ணுக்கு அழைப்புப் போட்டாள்.

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. பிறகு ஒரு ஆண் குரல், முன்பின் தெரியாத குரல், ஆங்கிலத்தில் ஹலோ சொன்னது.

அண்ணன் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டார். அக்கா போனை என் கையில் திணித்தாள். நான் தொண்டையைச் செருமி, கொழும்பிலிருந்து கதைக்கிறோம், ஹம்சிகாவின் வீட்டிலிருந்து, என்றேன். அந்த மனிதன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான். படியில் யாரோ தடதடவென்று ஓடி இறங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா! அம்மா, ஏன் ஒருத்தரும் எடுக்கிறீங்கள் இல்லை?"

அக்கா போனை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழுதாள். விசயம் இவ்வளவுதான். போய்ச் சேர்ந்த அன்று பின்னேரமே, பாறையில் நின்று படம் எடுக்கும்போது அவளுடைய போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. புதுசு ஒன்றும் அந்தத் தீவின் சிம்மும் வாங்கினாள். ஆனால் பழைய வட்சப்பைத் திறக்க இலங்கை நம்பருக்கு ஒரு இரகசிய இலக்கம் செய்தியாக வரும், ஈமெயிலைத் திறக்கவும் அப்படித்தான். அந்த நம்பருக்கு அங்கே சிக்னலே இல்லையே! அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை உலகத்திலேயே இரண்டு எண்கள்தான். சண்டைக்கால செக்பொயின்ற் நாட்களில், பள்ளிக்கூடம் போகுமுன் அப்பா தினமும் ஒப்புவிக்கச் சொன்ன, அவருடையதும் அம்மாவுடையதுமான எண்கள். புது நம்பரிலிருந்து அவற்றுக்குக் கோல் எடுத்தாள். முதல் அழைப்போடு தடை. பிறகு ஒரு டிரைவரின் போனில், ஆஸ்பத்திரி நேர்ஸின் போனில், கடைசியாகத் தங்குமிடத்துக்காரரின் போனில். அவளும் அங்கே இருந்து அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள், அப்பா அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று.

"அப்பா எங்க? அப்பாட்டக் குடுங்கோ" என்றாள்.

நான் குனிந்து போனை அவருடைய காதில் வைத்தேன். மூச்சு மட்டும் போய்வந்தது. அந்தப் பக்கத்தில் அவள் கேட்டது எனக்கும் கேட்டது: "அப்பா, நான் இத்தினை தரம் கோல் எடுத்தனே. ஏன் எடுக்கேல்லை?"

"நீயா இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை" என்றார்.

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமலே இருக்கட்டும் என்று நான் நினைத்தேன்.

ஹம்சிகா திரும்பி வந்து கனகாலமாகிவிட்டது. போன கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அண்ணனுடைய போன் அடித்தது. தெரியாத எண். மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள், இருந்தும் அவருடைய முகம் வெளுத்தது. எழும்பி நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனைக் காதில் வைத்தார். கடன் அட்டை விற்கும் ஒரு சிங்களப் பெண். அவள் சொன்னதை எல்லாம் அவர் கடைசிவரை கேட்டார். வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார். பிறகு, "துவ கேவத?" என்று கேட்டார், சாப்பிட்டியா மகள் என்று. அந்தப் பெண் என்ன சொன்னாளோ தெரியாது. போனை வைத்தபிறகுதான் அவர் கதிரையில் இருந்தார்.