திரையைப் படமெடுத்து அனுப்பிய கலா

புரோகிராமிங் கற்பவர்களுக்கான ஒரு டெலிகிராம் குழுவுக்கு நான் அட்மின். புதிதாகச் சேர்ந்த கலா என்ற பெண், தன் புரோகிராம் ஓடவில்லை என்று கம்ப்யூட்டர் திரையை மொபைலில் படமெடுத்துப் போட்டிருந்தார். புரோகிராம் வரிகளைக் காப்பி செய்து எழுத்தாகத்தான் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். "கல்யாண போட்டோவெல்லாம் இங்க போடாதீங்கம்மா" என்று எழுதினேன். சிரிப்பு எமோஜிகள் குவிந்தன. கலா குழுவை விட்டுப் போய்விட்டார்.

போன மாதம் உழவர்கரையில் ஓர் இலவசப் பயிற்சி மையத்துக்குப் பேசப் போனேன். "சந்தேகம் வந்தா கூச்சப்படாம கேளுங்க" என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"நான் கலா சார். உங்க குரூப்ல கேட்டேன், கல்யாண போட்டோன்னு சொன்னீங்க. இங்க கம்ப்யூட்டர்ல நெட் கிடையாது. போட்டோ புடிச்சிதான் அனுப்ப முடியும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். இன்னும் சிரிப்பு வரட்டும் என்று என் கிண்டலை அன்று திருத்தித் திருத்தி எழுதினேன். படத்தைத் திறந்தது இதுதான் முதல்முறை.