பரண்மேல் பில்லி

எங்கள் வீட்டுப் பரணில் ஏதோ நடமாடுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். அதை அங்கே அனுப்பியது யார் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். இடையில், அது என்னவென்று ஏறிப் பார்க்கிற சின்ன வேலைதான் யாருக்கும் தோன்றவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்களுடையது ஓட்டு வீடு. சமையலறைக்கு மேலே பலகை போட்ட பரண். ஓடாத மின்விசிறி, மிக்சி வந்த அட்டைப்பெட்டி, என் கணவரின் பொறியியல் புத்தகங்கள் எல்லாம் அங்கே ஓய்வெடுத்தன. கொஞ்ச நாளாக மேலே தடதடவென்று ஓட்டம், பிறகு பிராண்டல், பிறகு சிணுங்குவதுபோல மெல்லிய சத்தம். பெருச்சாளி என்றார் கணவர். யூடியூப் பார்த்துவிட்டு மரநாய் என்று மாற்றிக்கொண்டார். இரண்டையும் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார். பூனை என்றால் மியாவ் என்றுதான் கத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டாரின் எண்ணம்.

ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ். ஏணியில் ஏறிப் பரணுக்குள் தலையை விட்ட நேரம் பார்த்து அவர் மனைவி போன் செய்தார். அங்கே நின்றபடியே தெலுங்கில் பேசினார். அத்தனை பேச்சில் என் மாமியாருக்குப் பிடிபட்டது ஒரே சொல். பில்லி.

அவர் இறங்கி வந்தார். "இப்ப ஒன்னும் கை வெக்காதீங்க. தாய் பொல்லாதது. கொஞ்ச நாள்ல அதுவா எடம் மாறிக்கும்ங்க" என்றார். கடத்தூரில் வேலை இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாமியார் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நம்ம வூட்டுக்குப் பில்லி வெச்சிருக்காங்க. அவரு வாயாலயே சொல்லிட்டாரு. தாய் பொல்லாததாம். யாரோட தாயின்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

யோசிப்பதற்கு அதிகம் தாய்கள் இல்லை. போன மாதம் என் அம்மா அரூரிலிருந்து புளி கொண்டுவந்து, கெடாமல் இருக்கட்டும் என்று அந்தப் பரணில்தான் வைக்கச் சொல்லியிருந்தார். என் அம்மாவுக்கு எந்த ரகசியமும் வயிற்றில் தங்காது. சூனியம் வைப்பதாக இருந்தால்கூட வழியில் பஸ்ஸில் நாலு பேரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

"எங்கம்மாவுக்கு எதுக்குங்கத்த அந்த வேல?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கறன்" என்றார்.

அன்றிலிருந்து பரண் புளியை யாரும் தொடவில்லை. கடையில் புளி வாங்கிக் குழம்பு வைத்தோம். அன்று சாயங்காலமே என் கணவர், நியூட்டனின் விதிகளை எல்லாம் படித்துத் தேறியவர், என் அம்மாவுக்குப் போன் செய்து, "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்கத்த" என்றார். "ஏன் மாப்ள?" என்று கேட்டதும் போனை என் கையில் திணித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனை அவர்மேலேயே வீசியிருப்பேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத அம்மா, "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அது எனக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு மந்திரிக்கிறவர் ஒருவர் ஹெல்மெட்டும் தோள்பையுமாக வந்தார். எலுமிச்சம்பழம் அறுத்தார். என் கணவர் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். சாம்பிராணித் தட்டைப் பரணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஏதோ முணுமுணுத்தார். புகை உள்ளே போனது. ஒரு சாம்பல்நிறப் பூனை வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு அவர் தோளில் குதித்து, மேடையில் இறங்கி, கொல்லைப்பக்கம் ஓடியது. திரும்பி வந்து இன்னொரு குட்டியைத் தூக்கிப் போனது.

"பாத்தீங்களா, பூன ரூபத்துல வெளிய போவுது" என்றார் அவர், தோளைத் தடவிக்கொண்டே. கணவர் தலையாட்டினார்.

மறுநாள் ஓடு மாற்றுகிறவர் வந்து நடந்ததைக் கேட்டதும் ஏணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதான் அன்னைக்கே போன்ல எங்க வூட்டுல சொல்லிட்டிருந்தனேங்க, மேல பில்லி குட்டி போட்டிருக்குதுன்னு. எங்க பாஷைல பில்லின்னா பூனைங்க. ஒங்க காதுலயும் விழுந்திருக்கும்னு நெனச்சன்."

விழுந்தது. விழ வேண்டிய மாதிரி விழுந்தது.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் மாமியார். தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பூனைக்குக் கொல்லையில் சாக்கு விரித்து, கிண்ணத்தில் பால் வைத்தார். பிள்ளை பெற்றவளாம், பாவமாம். என் அம்மாவுக்குப் போன் செய்ய மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. வரச்சொல்லட்டுமா என்று நானே மாமியாரிடம் கேட்டேன். "வரச்சொல்லேன், நாங்க வேணாம்னா சொன்னோம்?" என்றார்.

அம்மா வந்தார். வழக்கம்போலச் சமையலறைக்குள் போகவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்தார். மாமியார் தன் கையாலேயே காபி போட்டுக் கொண்டுவந்து, "எடுத்துக்குங்க சம்மந்தி, ஆறிடப் போவுது" என்றார்.

அம்மா டம்ளரை வாங்கினார். உள்ளே பார்த்தார். பிறகு மரியாதையாக, இரண்டு கையாலும் அவரிடமே நீட்டினார்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க சம்மந்தி. அப்புறம் நான் குடிக்கறன்."

மாமியார் என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாமியார் டம்ளரை வாங்கிக் குடித்தார்.