முப்பது வருஷத்துப் புதுசு

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, பேரன்கூடப் பிறந்துவிட்டான். ஆனாலும் பாட்டுக்குழுவில் அவர் பெயர் புதுசுதான். பக்கவாத்தியம் ஏதும் இல்லாமல் குரல்களை மட்டுமே நம்பிப் பாடும் குழு அது. கடைசியாகச் சேர்ந்தவர், அடுத்த ஆள் வரும்வரை மேடையில் ஓரடி பின்னால் நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அடுத்த ஆள் வரவே இல்லை. முப்பது வருஷமாக மனிதர் மற்றவர்களின் முதுகைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அவர் தொண்டைதான். அந்தப் பிரபலமான கேசட்டைப் பதிவு செய்த அன்று, குழுவைத் தொடங்கிய தலைவருக்குக் குரல் சுத்தமாகக் கம்மிவிட்டது. தனியாக வரும் கீழ்க்குரலை, அந்த அடித்தொண்டைக் கனக் குரலைப் பாட ஆள் வேண்டுமே! பின்னால் நின்றவரைப் பிடித்து மைக் முன்னால் தள்ளினார்கள். அட்டையில் மட்டும் தலைவர் படம், தலைவர் பெயர்.

"வெளியில மூச்சு விடாதப்பா, குழுவோட மானம்" என்றார் தலைவர்.

புதுசு மூச்சு விடவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் கண்ணை மூடினார், குழு இரண்டானது. ஒரு பக்கம் தலைவரின் மகள்: "எங்கப்பா குழு, எனக்குத்தான்." மறுபக்கம், ஆரம்பத்திலிருந்து பாடிவந்த, குழுவே 'அண்ணன்' என்று கூப்பிடும் மூத்த பாடகர்: "மொத நாள்லேருந்து தொண்டை கிழிஞ்சது எனக்கா, அவளுக்கா?" ஒரே பெயரில் இரண்டு போர்டு தொங்கியது, வழக்கும் நடந்தது; பழைய ஆட்கள் போன இடத்துக்கு இரண்டு தரப்பும் வெளியாட்களைக் கூலிக்குப் பிடித்தன. ஊர் இசை மன்றத்து ஆண்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் முழித்த மன்றச் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு தரப்பும் பாடட்டும், எது கேசட் மாதிரியே இருக்கிறதோ அதற்குத்தான் பெயர்.

கீழ்க்குரலுக்கு இரண்டு தரப்பிலும் ஆள் இல்லை. ஆக, இரண்டு தரப்பும் மெக்கானிக் கடை வாசலில் வந்து நின்றது.

"ரெண்டு பேருக்கும் பாடறேன். ஜெயிச்சா என்னை முன் வரிசையில நிறுத்தணும்" என்றார் புதுசு. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஓரடிதான். இருவரும் சத்தியம் செய்யாத குறை.

போட்டியன்று அவரே இரண்டு தடவை மேடை ஏறினார். செயலாளர் கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், உச்சுக் கொட்டினார்.

"மத்ததெல்லாம் பரவாயில்ல. கீழ்க்குரல்தான் ரெண்டுலயும் உதைக்குது. கேசட்ல தலைவர் என்னமா பாடியிருக்காரு! இவர் அவரைக் காப்பியடிக்கப் பாக்கறாரு, வரல."

புதுசுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அதுல பாடினது நான்தாங்க!"

 தலைவரின் மகள் பொலபொலவென்று அழுதாள். "தினமும் அந்தக் குரலைக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன். எங்கப்பாவை எனக்குத் தெரியாதா?"

புதுசு அண்ணனைப் பார்த்தார். பதிவன்று கூட இருந்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான். அண்ணனும் மனசுக்குள் கணக்குப் போட்டார். கேசட் தலைவருடையது இல்லை என்றால் அப்புறம் எதற்குச் சண்டை, எந்தப் பெயருக்கு?

"நான் பக்கத்துலதான் நின்னேன்" என்று கனைத்துக்கொண்டார் அண்ணன். "பாடினது தலைவர்தான். இவனுக்கு வயசாச்சு, ஏதோ ஆசையில உளறறான்."

"சித்தப்பா!" என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக வக்கீலால் முடியாத சமாதானம் ஒரே நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு குழுவும் ஒன்றானது, எல்லோரும் கைதட்டினார்கள். புதுசு மட்டும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது அண்ணன் ஓடி வந்து அவர் தோளில் கை போட்டார். அந்தக் கேசட்டை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மனசுல வெச்சுக்காதடா. விழாவுக்கு இன்னும் நாள் இருக்கு. இதைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் பழகு. தலைவர் குரல் அப்படியே வரணும், என்ன?"