ஒரே சாமி பேரில் இரண்டு சீசா

எங்கள் சித்தி கல்யாணமான நாள் முதல் சித்தப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது மரக்காணத்துப் பெண்களுக்கெல்லாம் அத்துப்படியான வைத்திய சாஸ்திரம். யார் கேட்டாலும் விடுகதைதான் போடுவாள்.

அப்போது எனக்கு ஏழு வயது. உப்பளத்தில் மிதித்து மிதித்துச் சித்தப்பாவின் காலெல்லாம் புண். மேலுக்குப் பூச மருந்து கலந்து வைப்பதாகவும், அது வாய்க்குள் போனால் ஆளையே கொன்றுவிடும் என்றும் டாக்டர் எச்சரித்திருந்தார். மறுநாள் அதை வாங்கச் சித்தி என்னையும் கூட்டிப்போனாள். ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர். அவருக்குப் பின்னால் வரிசையாகச் சீசாக்கள், இங்கிலீஷில் நோயாளிகளின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குத் திருவிழாவுக்கு வந்தது போலிருந்தது.

"யாருக்கும்மா மருந்து? பேரு சொல்லு."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். "திருவண்ணாமலையில இருக்கிறாரே, அந்த சாமி பேருங்க."

"புரிஞ்சிடுச்சி" என்று சிரித்தபடி கம்பவுண்டர் ஒரு சீசாவை நீட்டினார். அடுத்து நின்ற எக்கியார்குப்பத்து அம்மாள், "எங்க வூட்டுக்காரருக்கும் அதே சாமி பேருதாங்க" என்றாள். கூட்டமே சிரித்தது. அவளுக்கும் ஒரு சீசா கிடைத்தது. அந்தச் சாமிக்கு அண்ணாமலை, அருணாசலம் என்று இரண்டு பெயர் உண்டென்பதைக் கம்பவுண்டர் அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை. குப்பத்துக்குப் பாதை பிரியும் வரை அந்த அம்மாள் புருஷனின் இருமலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

அதே சாமி பேர் வைத்த குப்பத்து ஆளின் கதையைச் சித்தி சொல்லச் சிரித்தபடி, சித்தப்பா மருந்தைக் காலில் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வீட்டிலிருந்த எறும்பெல்லாம் அவர் காலைத் தேடி வந்துவிட்டது. அவர் குதித்த குதியில் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"ஏம்மே, இது தித்திப்பு வாசனையா இருக்குது. இருமலுக்குக் குடிக்கிற மருந்தாட்டம்" என்றார்.

சித்தி சிரிக்கவில்லை. எழுந்தாள், ஓடினாள். பெரியவர்கள் ஓடினால் சும்மா இருக்க முடியுமா? நானும் ஓடினேன். உப்புப் பாத்திகளின் வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். அப்படியொரு பந்தயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. குப்பத்தில் எந்த வீடு என்று தெரியாமல், தெருவையே எழுப்புவது போலக் கத்தினாள்.

"அண்ணாமலை மருந்து மாறிப்போச்சி! யாரும் குடிச்சிடாதீங்க!"

சித்தப்பாவின் பெயர்! நான் கைதட்டிவிட்டேன். ஒரு வாசலில் அந்த அம்மாள் எட்டிப்பார்த்தாள். உள்ளே அவள் புருஷன், "இன்னாடி இப்பிடி நாறுது" என்று முணுமுணுத்தபடி டம்ளரை வாயருகே வைத்திருந்தார். சித்தி பாய்ந்து தட்டிவிட்டாள். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அவ்வளவு பெரிய சேதியை முதலில் சொல்லும் பாக்கியம் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதே. மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினேன்.

"சித்தப்பா, சித்தி உன் பேர சொல்லிடுச்சி. குப்பமே கேட்டுச்சி."

"அந்த ஆளு குடிச்சிட்டாரா?"

"இல்ல, சித்தி தட்டிவுட்டுடுச்சி" என்றேன். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கொண்டுவந்த சேதியை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் குடித்தாரா இல்லையா என்று கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.